துரு இல்லாத வண்டி

அத்தியாயம் 17

போன வாரம் மார்னிக்கு வண்டி வந்துவிட்டது. வெள்ளி நிறம், நான்கு கதவு, பதினொரு வயது. இணையத்தில் விளம்பரம் பார்த்து, வியாழக்கிழமை மதியம் ஏழாயிரத்து இருநூறு டாலரை ரொக்கமாகக் கொடுத்து வாங்கியது. இரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிச் சேர்த்த பணம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அவள் வெஸ்ட் பிராஞ்சில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் வேலைக்குச் சேர வேண்டும். எங்கள் ஊர் பே சிட்டியிலிருந்து ஐம்பது மைலுக்கு மேல். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. சொந்த வண்டி உண்டா என்று நேர்முகத்தில் கேட்டார்கள். உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் வண்டி தேடவே ஆரம்பித்தாள்.

வண்டியைப் பார்த்துச் சரி சொன்னது அவள் அப்பா ரோமன் கோர்ஸ்கி. வண்டிகளுக்கு அச்சுத் தண்டு செய்யும் ஆலையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் முதல் கேள்வி, "ரோமன் படுத்துப் பார்த்தாரா?" என்பதுதான். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பனியில் விரித்து, அதன்மேல் மல்லாந்து, வண்டிக்கு அடியில் நுழைந்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போவார். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை இங்கே சாலையெல்லாம் உப்பு. அது வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும். 'டங்' என்று கேட்டால் இரும்பு. 'பொத்' என்றால் துரு.

வெள்ளி வண்டி முழுக்க முழுக்க டங். "தெற்கத்தி வண்டி, ஒரு குளிர்காலம்கூடப் பார்த்ததில்லை" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. ரோமன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "பச்சைக் குழந்தை மாதிரி இருக்குடி அடியில. ஒரு பொட்டுத் துரு கிடையாது" என்றார். கிளின்ட் என்று பெயர் சொன்ன அந்த விற்பனைக்காரன் தொப்பியைக் கழற்றிச் சிரித்தான். வண்டி அவன் மாமியாருடையதாம். அதனால்தான் வண்டிப் பத்திரத்தில் வேறு பெயராம்.

தெருவே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனது. வாழ்த்துச் சொல்லாத ஒரே ஆள் அண்ணன் வேட். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன வசந்தத்தில் வீட்டைவிட்டுப் போனவன், இப்போது சாகினாவில் எங்கேயோ வேலை. வாங்குவதற்கு முதல் நாளே மார்னி அவனுக்கு வண்டியின் படத்தை அனுப்பியிருந்தாள். அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. எதற்கும் ஒரு கிண்டல் பதில் போடுகிறவன், இதற்கு மட்டும் ஒன்றும் போடவில்லை.

*

சனிக்கிழமை காலை. மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டும் குளிர். இரண்டு நாளாக வாசலில் நின்ற வண்டியை மார்னி கிளப்பினாள். திங்கட்கிழமை இருட்டில் வழி தடுமாறக் கூடாது, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம்.

பக்கத்து இருக்கையில் பெர்னடெட் அத்தை. ரோமனுக்கு அக்கா. பள்ளிப் பேருந்துப் பணிமனையில் தொலைபேசி எடுக்கிற வேலை. மார்னியின் அம்மா காலமானபிறகு, "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவர், நான்கு வருடமாக இருக்கிறார். மடியில் பூஞ்ச்கிப் பெட்டி. தவக்கால நோன்பு தொடங்கும் முன்னால் ஜாம் வைத்துப் பொரித்த அந்தப் பணியாரத்தை எத்தனை முடியுமோ அத்தனை தின்றுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அத்தை வழக்கத்தைக் கொஞ்சம் மிஞ்சுவார்.

"ஹீட்டரை முழுசா வைடி. என் கால் விரல் இருக்கா போச்சான்னே தெரியல."

மார்னி முழுசாக வைத்தாள். வாங்கிய நாளிலிருந்து அதைத் திருகியதே இல்லை. கிளின்ட் ஓட்டிக் காட்டியபோதும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினான். "சத்தம் கேளுங்க சார், எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னான்.

பத்து மைல் போயிருப்பார்கள்.

"மார்னி, நேத்து வாங்கின வறுத்த மீன்ல மிச்சத்தைக் கொண்டுவந்து வண்டியில வெச்சியா?"

"அதெல்லாம் தின்னாச்சு அத்தை. நீங்க மட்டும் நாலு துண்டு."

"மூணு."

"நாலு."

"சரி, நாலு. அப்போ இது என்ன நாத்தம்?"

கண்ணாடியில் தொங்கிய மூன்று பைன் மர வாசனை அட்டைகளையும் மீறி அது வந்தது. மீன் இல்லை. அழுகின இலையும் சேறும் சேர்ந்த வாடை. கண்ணாடிகள் உட்புறமாக வியர்க்கத் தொடங்கின. மார்னி கையுறையால் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடியும் வியர்த்தது.

அத்தை பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தரைவிரிப்பை அழுத்திப் பார்த்தார். அழுத்திய காலைத் தூக்கிக் கையால் தொட்டார். ஈரம்.

"எங்க வீட்டு நிலவறையில ஆத்துத் தண்ணி புகுந்த வருஷம்," என்றார் அத்தை. கையில் இருந்த பாதிப் பணியாரத்தைப் பெட்டியில் திரும்ப வைத்தார். "ஒரு மாசம் இதே நாத்தம்தான். மார்னி, வண்டியைத் திருப்பு."

"இருங்க அத்தை, பனி உருகியிருக்கும்..."

"பனி இப்படி நாறுமா? திருப்புடி!"

திருப்பும்போதே முன்பலகையில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எரிந்தது. மழையும் இல்லை, பனியும் இல்லை, துடைப்பான் தானாக ஆட ஆரம்பித்தது.

*

ரோமன் வாசலில் தன் டிரக்கின் முன்னால் குனிந்து, பனி தள்ளும் தகட்டுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் பதினான்கு வீட்டு வாசலிலும் தேவாலயத்து முற்றத்திலும் அவர்தான் பனி தள்ளிக் கொடுப்பார். அந்த டிரக்கின் சாவியை மகனுக்குக்கூடக் கொடுத்ததில்லை. வேட் கேட்டுத்தான் அந்தச் சண்டையே வந்தது.

"அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"டேய் ரோமன், இங்க வா. மூக்கை உள்ள விடு."

ரோமன் குனிந்து முகர்ந்தார். முகம் ஒரு கணம் மாறியது. உடனே நிமிர்ந்துகொண்டார்.

"நாள்பட நின்ன வண்டி. காத்தாட விட்டாச் சரியாயிடும்."

"தரை ஈரம்டா."

"உன் பூட்ஸ் பனி. நான் அடி முழுக்கப் பார்த்தேன் அக்கா. துரு இருக்கா, காட்டு. ஒரு இடம் காட்டு பாப்போம்!"

அத்தை பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, இருக்கைப் பட்டையைப் பிடித்து இழுத்தார். வழக்கமாக நாம் இழுக்கும் அளவையும் தாண்டி, இன்னும், இன்னும், சுருள் முழுவதும் காலியாகி 'டக்' என்று நிற்கும்வரை இழுத்தார்.

"எங்க பணிமனை மெக்கானிக் எந்தப் பழைய வண்டி வந்தாலும் முதல்ல இதைத்தான் செய்வான். ஏன்னு ஒரு நாள் கேட்டேன். வண்டியைக் கழுவறவன் கண்ணுக்குத் தெரியற பட்டையைக் கழுவுவான், உள்ள சுருண்டு கிடக்கறதை எவன் கழுவறான்னான்."

பட்டையின் கடைசி ஒரு முழம் பழுப்பாக இருந்தது. சாம்பலும் பழுப்பும் சந்திக்கிற இடத்தில் கோடு போட்டாற்போலக் கறை. தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது.

மார்னி பின்பெட்டியைத் திறந்து, பலகையைத் தூக்கி, மாற்றுச் சக்கரத்தைப் புரட்டினாள். அடியில் குழியில் வெடித்துக் காய்ந்த மண். மண்ணில் பாதி புதைந்த ஒரு நத்தை ஓடு, சுண்டுவிரல் நகம் அளவு. அதை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

ரோமன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிரக்கின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. தெற்கே கடலோரத்தில் புயல் வந்து ஊர் மூழ்குகிறது. காப்பீட்டுக்காரர்கள் நஷ்டத்தைக் கொடுத்து வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள். 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று பத்திரத்தில் முத்திரை விழுகிறது. அதை அடிமாட்டு விலைக்கு வாங்குகிற ஒருவன் ஷாம்பு போட்டுக் கழுவி, பத்திரத்தை இரண்டு மாநிலம் சுற்றவிட்டால், முத்திரை உதிர்ந்து சுத்தப் பத்திரமாகத் திரும்பி வருகிறது. அப்புறம் அந்த வண்டியை எந்த ஊருக்கு ஓட்டி வருவான்? துருவுக்குப் பயந்து சாகிற ஊருக்கு. நம் ஊருக்குத்தான். அடியில் படுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு தடவை முகர்ந்து பார்க்காமல் பணத்தைக் கொடுக்கும் புத்திசாலிகள் நாம்தானே!

"வண்டி எண்ணைப் போட்டு வரலாறு எடுத்துப் பார்த்தியா நீ?" என்று அத்தை கேட்டார்.

மார்னி உதட்டைக் கடித்தாள். "அவனே எடுத்து அனுப்பினான் அத்தை. விபத்து இல்ல, வெள்ளம் இல்லன்னு அழகாப் போட்டிருந்துச்சு. மறுபடியும் எதுக்கு நாப்பது டாலர்னு..."

"திருடன் கொடுத்த நற்சான்றிதழை வெச்சுக்கிட்டுத் திருடனை நம்பினே."

"ஆமா. நம்பினேன்." அவள் பின்பெட்டிக் கதவை அறைந்து மூடினாள். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கறேன்னு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். போதுமா?"

"அவளை ஏன் சொல்றே?" என்றார் ரோமன் தலையைத் தூக்காமல். "பார்த்துச் சொன்னவன் நான்."

கிளின்டின் எண்ணை மார்னி நான்கு தடவை அழைத்தாள். நான்கு தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

*

சமையலறை மேசையில் அத்தை தன் போனை வைத்துக்கொண்டு விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் தள்ளியிருப்பார்.

"இந்தக் கதவைப் பாரு."

நீல நிற வேன் ஒன்று. பின்னால் பச்சை வண்ணம் உரிந்த கராஜ் கதவு, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை மட்டும் புதுசு. மார்னி தன் வண்டியின் விளம்பரப் படத்தை எடுத்தாள். அதே பச்சை, அதே புதுப் பலகை. இந்த விளம்பரத்தில் விற்கிறவன் பெயர் ட்ராய். மனைவிக்கு மாற்றல், அதனால் அவசர விற்பனை. 'தெற்கத்தி வண்டி, ஒரு குளிர்காலம்கூடப் பார்த்ததில்லை' என்ற வரி மட்டும் எழுத்து மாறாமல் இருந்தது.

அத்தை ஸ்பீக்கரைப் போட்டு எண்ணை அழுத்தினார்.

"ஹலோ தம்பி, விளம்பரம் பார்த்தேன். வண்டி இன்னும் இருக்கா?"

"எந்த வண்டிம்மா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொந்த வண்டியை விற்கிற மனுஷன் எந்த வண்டி என்று கேட்பானா?

"நீல வேன்ப்பா."

"ஓ, நீலமா! அது என் வீட்டுக்காரி வண்டி. கண் மாதிரி வெச்சிருந்தா. மூணு மணிக்கு ஒருத்தங்க பார்க்க வர்றாங்க. நீங்க மூணரைக்கு வாங்கம்மா. மூடிக் கிடக்கிற மரச்சாமான் கடை தெரியுமில்ல, அந்தக் கார் நிறுத்துமிடம்."

"வர்றேன் கண்ணா. உன்னைப் பார்க்கத்தான் வர்றேன்."

போனை வைத்ததும் அத்தை அந்தக் கண்ணாவுக்குக் கொடுத்த மற்றப் பெயர்களை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

ரோமன் ஏற்கனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "மூணரைக்கு எதுக்கு? மூணுக்கே போவோம்."

*

நீல வேன் வெயிலில் பளபளவென்று நின்றிருந்தது. பக்கத்தில் கிளின்ட் என்கிற ட்ராய், அதே தொப்பி, அதே சிரிப்பு. அவன் எதிரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி குழந்தை இருக்கையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அது பின்சீட்டில் பொருந்துமா என்று பார்க்கக் கொண்டுவந்திருக்கிறாள்.

வேனுக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பூட்ஸுக்குக் கீழே பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி. உள்ளிருந்து சத்தம் வந்தது. டங். டங். டங்.

ரோமன் டிரக்கை நிறுத்திவிட்டு அந்த அட்டையையே பார்த்தார். இறங்கவில்லை.

"அப்பா?"

"என்னை மாதிரியே படுத்திருக்கான் பாரு," என்றார்.

அடியில் இருந்தவன் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான். "அக்கா, ஒரு பொட்டுத் துரு கிடையாது!" என்றான் முகமெல்லாம் பூரித்து.

ரோமன் இறங்கினார். பின்னாலேயே மார்னியும் அத்தையும். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"கோர்ஸ்கி மாமா! என்னைத் தெரியலயா? கார்லீன். எங்கப்பா டிரக்கை நீங்கதான் படுத்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தீங்க. இன்னும் ஓடுது மாமா அது!"

விற்கிறவனுக்கு முகம் ஒரு நொடி வெளிறியது. ஒரு நொடிதான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், அடுத்த நொடியே இரண்டு கையையும் விரித்தான்.

"அட, ரோமன் சார்! அம்மா, இவரையே கேளுங்க. போன வியாழக்கிழமை என்கிட்டதான் இவர் மகளுக்கு வண்டி வாங்கினார். அடி முழுக்கப் பார்த்துட்டு ஒரு சொல் குறை சொல்லல. இவரைவிட வேற யார் சொல்லணும் உங்களுக்கு?"

"மாமாவே வாங்கினாரா!" கார்லீன் தம்பியைப் பார்த்தாள். கை தானாகவே தோள்பைக்குள் போனது. "அப்போ நான் யோசிக்கவே வேண்டாம்."

அவன் ரோமனின் தோளில் கைபோட்டு இரண்டடி தள்ளி அழைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் நின்ற மார்னிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சார், கத்தாதீங்க. ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருங்க. அந்தம்மா பணத்தைக் கொடுக்கட்டும். கொடுத்த கையோட உங்க ஏழாயிரத்து இருநூறும் உங்க கையில. அந்த வண்டியையும் நானே எடுத்துக்கறேன். உங்க பேரும் கெடாது. ஊருக்கும் தெரியாது."

ரோமன் மார்னியைப் பார்த்தார்.

பணம் அவளுடையது. வேலை அவளுடையது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும், இரண்டு வருடம் திரும்பக் கைக்கு வந்துவிடும். அவளுக்கு ஆசை வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தை இருக்கையின் முதுகில் ஒட்டியிருந்த வாத்துப் படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

"சொல்லுங்கப்பா," என்றாள்.

ரோமன் தோளில் இருந்த கையை எடுத்துக் கீழே விட்டார்.

"கார்லீன், பணத்தை உள்ள வை." அவர் குரல் அந்த இடம் முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கடையிலிருந்து தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். "நான் ஏமாந்துட்டேன்மா. அடியில மட்டும் பார்த்தேன், உள்ள பார்க்கல. துரு இல்லன்னதும் பல்லை இளிச்சுக்கிட்டு என் பொண்ணு பணத்தை இவன் கையில எடுத்துக் கொடுத்தேன். அது வெள்ளத்துல முங்கின வண்டி. இதுவும் அப்படித்தான் இருக்கும். இந்த ரோமன் படுத்துப் பார்த்தான்னு எவன் சொன்னாலும் இனிமே நம்பாதீங்க!"

"மாமா..."

"பின்சீட்டுப் பட்டையைப் பிடிச்சு இழு. அது தானா நிக்கற வரைக்கும் இழு."

கார்லீன் இழுத்தாள். பட்டை வந்துகொண்டே இருந்தது. கடைசி முழத்தில் தேநீர்க் கறை போல அந்தக் கோடு வந்து நின்றது. குழந்தை இருக்கையைக் கட்டிவைக்க வேண்டிய பட்டை அது. அவள் அந்த இருக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"என் புள்ளைக்கு ஒன்றரை வயசுடா!" என்று கத்தினாள். "ஒன்றரை வயசு!"

"கொஞ்சம் ஈரம் பட்டிருக்கும்மா..."

"ஈரமா?" அத்தை முன்னால் வந்துவிட்டார். கையில் போன், படம் பிடித்துக்கொண்டே. "ஒரு நாள் கிளின்ட், ஒரு நாள் ட்ராய், நாளைக்கு என்ன பேரு வெச்சுக்கப் போறே? அது மாமியார் வண்டி, இது வீட்டுக்காரி வண்டி! எத்தனை கல்யாணம்டா பண்ணியிருக்கே நீ?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "உன் பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்கா. உள்ளது உள்ளபடின்னு. எவன்கிட்ட வேணா போ!" என்று ரோமனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேனில் ஏறிக் கதவை அறைந்தான். கார்லீனின் தம்பி தன் அட்டையை இழுத்துக்கொண்டு விலகினான். இரண்டு உறுமல், வேன் போய்விட்டது.

"ஓடு, ஓடு! நம்பர் பிடிச்சாச்சு, மூஞ்சியும் பிடிச்சாச்சு!" என்று அத்தை பின்னாலேயே கத்தினார்.

காவல் நிலையத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்கள். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தனியாள் விற்பனை, கையெழுத்தும் இருக்கிறது, மோசடிப் பிரிவு திங்கட்கிழமைதான் திறக்கும், படங்களோடு வாருங்கள் என்றார். எல்லாருக்கும் திங்கட்கிழமைதான். அந்த வேன் மட்டும் திங்கட்கிழமைவரை காத்திருக்காது.

கார்லீன் கிளம்புமுன் ரோமனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக உங்க பேரையே விட்டுக் கொடுத்துட்டீங்க மாமா," என்றாள். ரோமன் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார்.

*

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. அத்தை அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனார். ரோமன் வாசலிலேயே நின்று யார் யாருக்கோ போன் செய்தார். பிறகு டிரக்கின் முன்னால் மண்டியிட்டு, காலையில் மாட்டிய கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனி தள்ளும் தகடு தரையில் விழுந்து சத்தம் போட்டது.

"என்னப்பா பண்றீங்க?"

அவர் சாவியை நீட்டினார். வளையத்தில் ஒரு சின்னச் சிலுவையும் அம்மாவின் பழைய நூலக அட்டையும் தொங்கின.

"திங்கட்கிழமை இதுல போ. ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திட்டாதே, தட்டிக் கொடு."

"அப்போ உங்க பனி வேலை? பதினாலு வீடு இருக்கே?"

"பதினாலு வீட்லயும் மண்வெட்டி இருக்கு. போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க. ஏன்னும் சொல்லிட்டேன்."

மார்னி அவரைக் கட்டிக்கொண்டாள். கோட்டில் கிரீஸ் வாசனை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்பாவும் திரும்பக் கட்டிக்கொண்டார், ஒரு கையால்.

பிறகு அவள் வெள்ளி வண்டியில் இருந்த தன் சாமான்களை எடுக்கப் போனாள். போர்வை, தண்ணீர்க் குடுவை, அத்தையின் பூஞ்ச்கிப் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு பணியாரம் உருண்டு முன்சீட்டுக்கு அடியில் போய்விட்டது. கைவிட்டுத் துழாவினாள். தரைவிரிப்பின் ஓரம் பெயர்ந்து வந்தது. விரிப்புக்கும் தகரத்துக்கும் நடுவே, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு மஞ்சள் சீட்டு.

சாகினாவில் ஒரு கார் கழுவும் கடையின் வேலைச் சீட்டு. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. வெள்ளி நிறம், நான்கு கதவு. வேலை: தரை, இருக்கைகள், ஷாம்பு மூன்று தடவை. அதற்குக் கீழே பேனாவால், 'சேறு அதிகம். நாற்றம் முழுசாகப் போகவில்லை.' வேலை செய்தவர் என்ற இடத்தில் இடது பக்கம் சாய்ந்த எழுத்தில் ஒரு பெயர்.

வேட் கோர்ஸ்கி.

அவள் வண்டி வாங்குவதற்கு முதல் நாளே, அவள் அனுப்பிய படத்தை அவன் பார்த்திருந்தான்.

பின்னால் பனியில் காலடிச் சத்தம். மார்னி சீட்டைக் கையுறைக்குள் திணித்தாள்.

ரோமன் தார்ப்பாயைக் கொண்டுவந்து வண்டியின் மேல் வீசினார். ஒரு முனையை அவளிடம் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டினார்கள்.

"விக்கறவன் திருடன். அது அவன் புத்தி," என்றார் முடிச்சை இறுக்கிக்கொண்டே. நாள் முழுக்க அடக்கிவைத்த கோபமெல்லாம் இப்போதுதான் குரலில் ஏறியது. "எனக்கு ஆத்திரமெல்லாம் இதைக் கழுவினவன் மேலதான். கையால சேத்தை வழிச்சிருக்கான். இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாதா அவனுக்கு? ஏதோ ஒரு வீட்டுப் பொண்ணு நாளைக்கு இதை நம்பி ரோட்ல போவாளேன்னு தோணலயே! தோணினாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலயே!"

மார்னி தலையைக் குனிந்து தன் பக்கத்து முடிச்சைப் போட்டாள். முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது.

"எந்த அப்பன் வளர்த்த புள்ளையோ," என்றார் ரோமன். அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி, அவரே கட்டி முடித்தார்.